யாருக்குப் பதில் சொல்லும் காவல்?

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி, வட அயர்லாந்தின் 26 மாவட்டங்களிலும், ஒன்றுகூட விடாமல், பொதுக்கூட்டங்கள் நடைபெற்றன. கூட்டியது ஒரு விசாரணைக் கமிஷன். அதன் தலைவர், முந்தைய ஆண்டுதான் ஹாங்காங்கின் கடைசிப் பிரிட்டிஷ் கவர்னராக இருந்து, அந்நகரைச் சீனாவிடம் ஒப்புவித்துவிட்டுத் திரும்பியிருந்த கிறிஸ் பாட்டன். அவரோடு அங்கத்தினர் எழுவர். தங்கள் ஊருக்கு எத்தகைய போலீஸ் வேண்டும் என்பதை ஜனங்களின் வாயாலேயே கேட்டறிவது அக்கூட்டங்களின் நோக்கம். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுந்து நின்று பேசினார்கள். வெடிகுண்டுக்குத் தம் வீட்டு ஆண்மகனைப் பறிகொடுத்த போலீஸ் குடும்பத்தாரும், போலீஸின் கையாலேயே உறவினரை இழந்ததாகச் சொன்னவர்களும், முப்பது ஆண்டுக் காலம் ஒருவர் தெருவில் மற்றவர் கால் வைக்காமல் வாழ்ந்தவர்களும், ஒரே கமிஷனின் முன்னால் தத்தம் துக்கத்தை எடுத்துரைத்தார்கள்.

போலீஸ் சீர்திருத்தம் என்று உலகில் எத்தனையோ நடந்திருக்கின்றன. பெரும்பாலானவை தலைநகரத்துச் செயலகத்தில் பிறந்து, சுற்றறிக்கையாக இறங்கிவந்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு வாசகப் பலகையாக முடிந்துபோனவை. காவலுக்கு உட்பட்டவர்களிடமே சென்று, அவர்கள் கோபத்தை முழுவதும் கேட்டுவிட்டு, அதன்பின் ஒரு படையின் பெயர், சின்னம், ஆள் சேர்ப்பு, பயிற்சி, விசாரணை, கணக்கு அனைத்தையும் அடியிலிருந்து மாற்றி அமைத்த முயற்சி மிக அபூர்வம். அதனால்தான், இருபது லட்சம் ஜனத்தொகைகூடச் சரியாக நிரம்பாத அச்சிறு பிரதேசத்தின் போலீஸ் விவகாரத்தை நாம் இவ்வளவு விரிவாகப் படிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

நமக்கும் அதற்கும் வேறொரு பந்தமும் உண்டு. ராபர்ட் பீல் என்ற பிரிட்டிஷ் ராஜதந்திரி 1829-இல் லண்டன் மாநகருக்கு ஒரு போலீஸை உண்டாக்கினார். துப்பாக்கியின்றி, ஜனங்களின் இசைவை நம்பித் தெருவில் நடந்து செல்லும் அப்படையைத்தான் உலகம் இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசுகிறது. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, அயர்லாந்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தபோது, 1814-இல் அதே பீல் அங்கே அமைத்த சமாதானப் பாதுகாப்புப் படை முற்றிலும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதன் வழியில் 1822-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் உருவாகி, பிற்பாடு ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்று விருது பெற்ற படை, துப்பாக்கி ஏந்தியது. ராணுவத்தைப்போல் பாசறைகளில் வசித்தது. ஆணைகளை டப்ளின் கோட்டையிலிருந்து பெற்றது. எந்தக் கான்ஸ்டபிளையும் அவன் பிறந்த கவுண்டியிலோ, அவன் மனைவி பிறந்த கவுண்டியிலோ வேலைக்கு வைப்பதில்லை என்பதை விதியாகவே கொண்டிருந்தது. ஊராரோடு போலீஸ்காரனுக்கு உறவு ஏற்பட்டுவிடக் கூடாது என்பது அந்த அமைப்பின் மூலதத்துவம்.

சாம்ராஜ்யத்தின் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறிச் சென்றது லண்டன் மாதிரியன்று, இந்த அயர்லாந்து மாதிரியே. 1843-இல் சிந்து தேசத்தைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர் அங்கே அயர்லாந்துப் படையைப் பார்த்துத் தம் போலீஸை அமைத்தார். சென்னை ராஜதானியில், வரி வசூலும் காவலும் ஒரே அதிகாரிகளின் கையில் இருந்ததால் நேர்ந்த சித்திரவதைகளை 1855-ஆம் ஆண்டு விசாரணைக் கமிஷன் வெளிப்படுத்தியபிறகு, இரண்டையும் பிரித்து 1859-இல் ஒரு போலீஸ் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாண்டு கழித்து இந்தியா முழுமைக்கும் வந்த 1861-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வழியே நடந்தது. ஊர்க் காவலும் தலையாரியுமாக இருந்த பழைய ஏற்பாட்டின் இடத்தில், மேலிடத்துக்கு மட்டுமே பதில் சொல்லும் ஒரு படை வந்து அமர்ந்தது. தமிழ்நாட்டின் மாவட்டப் போலீஸ் சட்டம் என்ற பெயரில் அந்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே, அயர்லாந்துக் கான்ஸ்டபுலரியின் நேர் வாரிசு ஒன்று தன் சொந்த மண்ணில் எவ்வாறு மாற்றி அமைக்கப்பட்டது என்ற வரலாறு, நமக்குத் தாயாதி வீட்டு விவகாரம்.

1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டது. பிரிட்டனோடு நின்றுவிட்ட வடகிழக்குப் பகுதியின் ஆறு கவுண்டிகளுக்காக, 1922 ஜூன் முதல் தேதி, ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி பிறந்தது. பழைய படையின் கரும்பச்சை உடுப்பும், கிரீடம் சூடிய யாழ்ச் சின்னமும், பாசறை முறையும், அதிகாரிகளில் பலரும் அப்படியே புதிய படைக்கு வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் ஒரு நல்லெண்ணமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது: 3,000 பேர் கொண்ட அப்படையில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் கத்தோலிக்கருக்கென்று ஒதுக்கப்பட்டன. அவ்விடங்கள் ஒருபோதும் நிரம்பவில்லை. அந்த ராஜ்யத்தையே தமதென்று ஏற்காத கத்தோலிக்கர்கள் சேரத் தயங்கினார்கள். சேர்ந்தவர்களை அவர்கள் சமூகமே துரோகிகளாகப் பார்த்தது. ஆட்சி செலுத்திய புராட்டஸ்டண்ட் பெரும்பான்மையோ அவர்களை உள்ளூரச் சந்தேகித்தது. இதனோடு, ஏறக்குறைய முழுவதும் புராட்டஸ்டண்டுகளையே கொண்ட விசேஷத் துணைப்படை ஒன்றும் வீதிகளில் உலவியது. பி-ஸ்பெஷல்கள் என்று அழைக்கப்பட்ட அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களே. கையில் துப்பாக்கியோடு வாசலில் வந்து நின்று சோதனை போடும் பக்கத்து வீட்டுக்காரர்கள். காவலன் உள்ளூர்க்காரனாக இருந்துவிட்டால் மாத்திரம் காவல் ஊருக்குச் சொந்தமாகிவிடும் என்று எண்ணுவோர், இந்த பி-ஸ்பெஷல்களின் கதையை ஒருமுறை படிப்பது நல்லது.

1968 அக்டோபர் 5-ஆம் தேதி, டெர்ரி நகரில், வீட்டு ஒதுக்கீட்டிலும் வாக்குரிமையிலும் சமநீதி கோரி ஊர்வலம் போனவர்களைப் போலீஸார் தடியால் அடித்து நொறுக்கினார்கள். அக்காட்சி தொலைக்காட்சியில் உலகமெங்கும் பரவியது. மறு ஆண்டு ஆகஸ்டில், அதே நகரத்தின் பாக்சைடு என்ற கத்தோலிக்கப் பேட்டையில் மூன்று நாள் நடந்த மோதலுக்குப் பின், போலீஸால் முடியாது என்று பிரிட்டிஷ் ராணுவம் வரவழைக்கப்பட்டது. ஹண்ட் என்ற பிரபுவின் தலைமையில் ஒரு குழு விசாரித்து பி-ஸ்பெஷல்களைக் கலைக்கச் சொன்னது, கலைக்கப்பட்டார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. இரு தரப்பு ஆயுதக் குழுக்களும் மோதலில் இறங்கிய அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 உயிர்கள் போயின. அவற்றில் 300-க்கும் மேற்பட்டவை ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரியைச் சேர்ந்தவர்களுடையவை. காலையில் காரைக் கிளப்புமுன் அடியில் குனிந்து வெடிகுண்டு இருக்கிறதா என்று பார்ப்பது அப்படையினருக்குப் பல் துலக்குவதுபோல் நித்திய கர்மமாகிவிட்டது. பிள்ளைகளிடம்கூட, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். இத்தகைய வாழ்வில் ஒரு போலீஸ் படை ஊராரோடு கலந்து பழகவில்லை என்று குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் இரும்புத் தகடு போர்த்திய லாண்ட்ரோவருக்குள் அவர்களைத் தள்ளியது அவர்கள் மனப்பான்மை மாத்திரம் அன்று; அவர்களைக் கொல்லக் காத்திருந்தவர்களும்தான். அதே சமயம், விசாரணை முகாம்களில் கைதிகளை நடத்திய விதம் குறித்தும், ஒரு தரப்பு ஆயுதக் குழுக்களோடு உளவுப் பிரிவினர் சிலர் கொண்டிருந்த தொடர்பு குறித்தும் எழுந்த புகார்கள் வெறும் பிரசாரம் அல்ல என்பதும் பின்னால் நிரூபணமாயிற்று.

1998 ஏப்ரல் 10-ஆம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தால் மற்ற எல்லாச் சிக்கல்களையும் ஓரளவு தீர்க்க முடிந்தது. போலீஸ் ஒன்றைத் தீர்க்க முடியவில்லை. அதனாலேயே அதைத் தனியே ஒரு கமிஷனிடம் விட்டார்கள். பாட்டன் கமிஷனின் அறிக்கை 1999 செப்டம்பர் 9-ஆம் தேதி வெளிவந்தது. அதில் 175 சிபாரிசுகள்.

செய்தித்தாள்கள் பெயர் மாற்றத்தையும் சின்னத்தையும் பற்றியே சண்டையிட்டன. என் கண்ணுக்கு அறிக்கையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. சமூகத்தோடு சேர்ந்து நடத்தும் காவலே போலீஸின் மையப் பணியாகவும், ஒவ்வொரு ஸ்டேஷனின் மையப் பணியாகவும் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. அவ்வாறு பொதுப்படச் சொல்லிவிட்டு நின்றிருந்தால், அதுவும் ஆயிரம் உபதேசங்களோடு ஓர் உபதேசமாகப் போயிருக்கும். அறிக்கை மேலும் சென்று, ஒவ்வொரு பேட்டைக்கும் தனியாக ஒரு காவல் குழு வேண்டும் என்றது. அக்குழுவில் இருப்பவர்கள் குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடுமானால் ஐந்து ஆண்டுகள், அதே பேட்டையில் பணியாற்ற வேண்டும் என்றது. அவர்கள் சீருடையில் தம் பெயரும் அந்தப் பேட்டையின் பெயரும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றது. முடிந்த இடங்களில் எல்லாம் வண்டியை விட்டு இறங்கிக் கால்நடையாக ரோந்து செல்ல வேண்டும் என்றது. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் பயிற்சிக் காலத்தில் இவ்வேலையிலேயே முதலில் பழக வேண்டும் என்றது. பழைய அயர்லாந்துப் படையின் விதிகளை ஒருபுறமும் இவற்றை ஒருபுறமும் வைத்துப் பார்த்தால், கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவம்போல், ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்கு எதிராக நிற்பதைக் காணலாம். உறவு ஏற்பட்டுவிடக் கூடாது என்று மாற்றல் போட்டது அது. உறவு ஏற்படும்வரை மாற்றாதே என்றது இது.

ஐந்து ஆண்டு என்ற அந்தக் கணக்கில் உள்ள விவேகத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தெருவில் யார் வீட்டுப் பையன் பள்ளிக்குப் போகாமல் மூலையில் நிற்கிறான், எந்தக் கடைக்காரரிடம் யார் மாமூல் கேட்டு மிரட்டுகிறார்கள், எந்த வீட்டில் இரவில் அழுகுரல் கேட்கிறது என்பவை எந்தப் பதிவேட்டிலும் இரா. அவற்றைத் தெரிந்தவர்கள் போலீஸிடம் சொல்வதற்கு, சொன்னால் நமக்குத் தீங்கு வராது என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு ஸ்தாபனத்தின்மீது பிறப்பதற்கு முன் ஒரு முகத்தின்மீதுதான் பிறக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகம் மாறும் ஸ்டேஷனில் அது பிறக்க வழியே இல்லை.

மாவட்ட எல்லைகளையும் அவ்வாறே திருத்தினார்கள். போலீஸ் மாவட்டமும் உள்ளாட்சி மாவட்டமும் ஒன்றேயாக ஆக்கப்பட்டன. பெல்ஃபாஸ்ட் நகரம் மட்டும் நான்காகப் பிரிக்கப்பட, மொத்தம் 29 மாவட்டங்கள் ஆயின. ஒவ்வொன்றிலும், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களும் மற்ற பிரஜைகளும் சேர்ந்த ஒரு கூட்டுக்குழு, அம்மாவட்டத்துப் போலீஸ் தலைமை அதிகாரியை நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க உரிமை பெற்றது. இக்குழுக்கள் உள்ளூர் வரியில் ஒரு சிறு பங்கு திரட்டி, தம் ஊருக்கு வேண்டிய கூடுதல் பாதுகாப்பைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் கமிஷன் சொல்லியிருந்தது. ஆயுதக் குழுக்கள் அப்பணத்தைக் கொண்டு தெருக் காவலில் புகுந்துவிடும் என்ற அச்சத்தால் சர்க்கார் அதை ஏற்கவில்லை. அச்சம் நியாயமானதே, ஆயினும் ஒரு நல்ல சோதனை நடக்காமலே போய்விட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலே, பிரதேசம் முழுமைக்கும் 19 பேர் கொண்ட போலீஸ் வாரியம் ஒன்று அமைந்தது. பதின்மர் சட்டசபை அங்கத்தினர். ஒன்பதின்மர் கட்சி சாராத பிரஜைகள். போலீஸ் தலைவரை நியமிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அதன் கூட்டங்களில், பத்திரிகைக்காரர்களும் பொதுமக்களும் பார்த்திருக்க, தலைவர் வந்து பதில் சொல்ல வேண்டும். சட்டத்தை எவ்வாறு பிரயோகிப்பது என்பதில் மந்திரியோ வாரியமோ அவருக்கு உத்தரவிட முடியாது. ஆனால் செய்து முடித்ததற்கு அவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். கட்டளையிடுவதற்கும் கணக்குக் கேட்பதற்கும் உள்ள வேற்றுமையை இவ்வளவு சுத்தமாகச் சட்டத்தில் எழுதி வைத்த நாடுகள் அதிகம் இல்லை.

புகார்களை விசாரிக்க ஓம்பட்ஸ்மன் என்ற சுதந்திர அதிகாரி 2000 நவம்பரில் வேலையைத் தொடங்கினார். இது பாட்டனுக்கு முன்பே, 1997-இல், மாரிஸ் ஹேய்ஸ் தந்த யோசனை. அவரே பின்னர் பாட்டன் கமிஷனிலும் அங்கம் வகித்தார். போலீஸின்மேல் வரும் எந்தப் புகாரையும் போலீஸ் விசாரிக்காது. ஓம்பட்ஸ்மனிடம் சொந்தமாகப் புலனாய்வாளர்கள் உண்டு. அவர்களுக்குக் கைதுசெய்யும் அதிகாரம் உண்டு. முதல் ஓம்பட்ஸ்மனாக இருந்த நூவாலா ஓலோன் அம்மையார், வேலையைத் தொடங்கிய மறு ஆண்டில், ஓமா நகரில் 1998 ஆகஸ்டில் 29 பேரைக் கொன்ற வெடிகுண்டுச் சம்பவத்தின் புலனாய்வு எவ்வாறு நடந்தது என்பதை ஆராய்ந்து, உளவுத் தகவல்கள் உரியபடி பயன்படவில்லை என்றும், தலைமையின் முடிவுகளில் பிழை இருந்தது என்றும் எழுதினார். போலீஸ் தலைவர் கொதித்தெழுந்தார்; பெரிய பத்திரிகைகள் அம்மையாரைத் தாக்கின. அவர் அசையவில்லை. 2007-இல், வடக்கு பெல்ஃபாஸ்டில் கொலைகள் செய்த ஆயுதக் குழுவினர் சிலர் போலீஸின் உளவாளிகளாக இருந்து பாதுகாக்கப்பட்டதை மற்றோர் அறிக்கையில் வெளியிட்டார். கத்தோலிக்கப் பேட்டைகளில் புதிய ஏற்பாட்டின்மேல் ஏதேனும் விசுவாசம் துளிர்த்தது என்றால், நற்பணி விழாக்களை விட இவ்விரு அறிக்கைகளுக்கே அதில் அதிகப் பங்கு உண்டு என்பது என் துணிபு.

நம் நிலையை இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற போலீஸ் அதிகாரி தொடங்கிய போலீஸ் நண்பர்கள் இயக்கம், நல்ல நோக்கத்தோடு பிறந்து மாநிலமெங்கும் பரவியது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு மாண்டபின், தொண்டர்கள்மீதே குற்றச்சாட்டு எழுந்து, அவ்வியக்கம் தடைசெய்யப்பட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ்மேல் வரும் புகார்களுக்குத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று பணித்திருந்தது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. போலீஸுக்கு நண்பர்களை நாம் திரட்டினோம். போலீஸைக் கணக்குக் கேட்பவரை நியமிக்கவில்லை. முன்னது இல்லாவிட்டாலும் ஓர் ஊர் பிழைத்துக்கொள்ளும்.

ஆள் சேர்ப்புக்கு வருவோம். 1990-களின் இறுதியில், துணைப்பிரிவுகளையும் சேர்த்து ஏறக்குறைய 13,000 பேர் இருந்த படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர். ஜனத்தொகையிலோ நாற்பதுக்கு மேல். பாட்டனின் பரிகாரம் கடுமையானது. தகுதித் தேர்வில் தேறியவர்களிலிருந்து ஒரு கத்தோலிக்கருக்கு ஒரு கத்தோலிக்கரல்லாதவர் என்று சரிபாதியாக எடுக்க வேண்டும். பத்தாண்டுகள் இவ்வாறே நடக்க வேண்டும். அதே சமயம் படையின் அளவை 7,500 ஆகக் குறைத்து, விரும்பி விலகும் மூத்தவர்களுக்குத் தாராளமான உதவித்தொகை கொடுத்து அனுப்ப வேண்டும். தேறியும் இடம் கிடைக்காத புராட்டஸ்டண்ட் இளைஞர்களின் மனக்கசப்பு உண்மையானது. அதைத் துவேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது, தனிமனிதனுக்கு அது அநியாயமே. ஐரோப்பியச் சட்டத்திலேயே இதற்கென்று தனி விலக்குப் பெற வேண்டியிருந்தது. ஆயினும் 1922-இல் வெறுமனே இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்ததன் பலனை எண்பது ஆண்டுகள் பார்த்தாயிற்று. இம்முறை காத்திருக்கவில்லை. 2002 ஏப்ரலில் முதல் அணி பயிற்சி முடித்து வெளிவந்தது. 2011-இல் கத்தோலிக்கரின் பங்கு நூற்றுக்கு முப்பதை நெருங்கியிருந்தது. பத்தாண்டில் ஒரு போலீஸின் உட்கலவை இத்தனை வேகமாக மாறியதற்கு இணை சொல்வது கடினம்.

பெயரும் மாறியது. 2001 நவம்பர் 4-ஆம் தேதி ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி வட அயர்லாந்துப் போலீஸ் சேவை ஆயிற்று. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே மாண்டவர்களின் விதவைகளும் பெற்றோரும் எத்தகைய வேதனையை அனுபவித்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். மாற்றத்தை அறிவித்த காலத்திலேயே பிரிட்டிஷ் மகாராணி அப்படை முழுமைக்கும் ஜார்ஜ் சிலுவை என்ற உயரிய வீர விருதை வழங்கினார். புதிய படையின் சட்டபூர்வமான முழுப்பெயரில், பழைய படையை உள்ளடக்கியது என்ற சொற்களும் இடம்பெற்றன. புதிய சின்னத்தைப் போலீஸ் வாரியமே கூடித் தீர்மானித்தது: ஒரு நட்சத்திரத்துக்குள் யாழ், கிரீடம், ஷாம்ராக் இலை, தராசு, தீப்பந்தம், இலைக் கொத்து. ஒரு தரப்பின் சின்னங்களை அகற்றாமல், இரு தரப்பையும் அருகருகே உட்கார வைத்தார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் ஒத்துப்போனது, வாரியம் தன் காலில் நிற்கும் என்பதற்கு முதல் அத்தாட்சி.

எல்லாம் இவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கார் 2000-இல் கொண்டுவந்த மசோதா பாட்டன் அறிக்கையைப் பல இடங்களில் நீர்த்துப்போகச் செய்தது. கமிஷனின் அங்கத்தினர்களில் ஒருவரான குற்றவியல் அறிஞர் கிளிஃபர்ட் ஷியரிங், அறிக்கையின் குடலே உருவப்பட்டுவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார். மிதவாதக் கத்தோலிக்கக் கட்சியான எஸ்.டி.எல்.பி. பேரம் பேசிச் சில திருத்தங்களைப் பெற்று 2001 ஆகஸ்டில் இசைந்தது. போலீஸில் இருப்பவர் எவரும் தங்கள் ஆட்டங்களில் சேரக் கூடாது என்று வெகுகாலமாக விதி வைத்திருந்த அயர்லாந்தின் தேசிய விளையாட்டுச் சங்கம் அவ்வாண்டு நவம்பரில் அவ்விதியை நீக்கியது. தீவிரத் தேசியக் கட்சியான ஷின் ஃபெயின் மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் விலகியே நின்றது. வாரியத்திலும் கூட்டுக்குழுக்களிலும் உட்கார்ந்த கத்தோலிக்கர்கள் மிரட்டப்பட்டார்கள். வாரியத்தின் துணைத்தலைவராக இருந்த டெனிஸ் பிராட்லி 2005-இல் டெர்ரியில் முகமூடி அணிந்த ஒருவனால் தாக்கப்பட்டார். பதவியைவிட்டு அவர் ஓடவில்லை. கடைசியில் 2007 ஜனவரி 28-ஆம் தேதி டப்ளினில் கூடிய விசேஷ மாநாட்டில் ஷின் ஃபெயின் பெரும்பான்மையோடு போலீஸையும் நீதிமன்றங்களையும் ஏற்றது. ஒரு தலைமுறை முழுவதும் போலீஸ்காரர்களைக் கொல்வதை ஆதரித்த இயக்கம், அதே போலீஸின் வாரியத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. 2010 ஏப்ரலில் நீதி நிர்வாகமும் லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சட்டசபையின் கைக்கு வந்தது.

சரிபாதி ஆள் சேர்ப்பு முறை 2011 மார்ச் 28-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதற்கு ஐந்தாம் நாள், ஏப்ரல் 2-ஆம் தேதி, ஓமாவில் தம் காரின் அடியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து ஓர் இளம் கான்ஸ்டபிள் இறந்தார். வயது 25, கத்தோலிக்கர், போலீஸில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒப்பந்தத்தை ஏற்காத சிறு ஆயுதக் குழுக்கள், கத்தோலிக்க இளைஞர்கள் போலீஸில் சேரலாகாது என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவருடைய தாயார், கத்தோலிக்கப் பிள்ளைகள் இதைக் கண்டு பின்வாங்கக் கூடாது என்று ஊரறியக் கேட்டுக்கொண்டார். சவ ஊர்வலத்தில், போலீஸாரை ஒரு காலத்தில் விலக்கி வைத்திருந்த அதே விளையாட்டுச் சங்கத்தின் உள்ளூர் வீரர்களும் போலீஸாரும் முறைவைத்துப் பெட்டியைச் சுமந்தார்கள். புராட்டஸ்டண்ட் கட்சியின் தலைவரும் முதல் மந்திரியுமான பீட்டர் ராபின்சன், தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கத்தோலிக்கப் பூசைக்கு வந்து அமர்ந்திருந்தார். குண்டு வைத்தவர்கள் பிரிக்க நினைத்ததை அந்த ஊர் சேர்த்துக் காட்டியது.

ஆனால் போலீஸில் கத்தோலிக்கரின் விகிதம் 2011-க்குப் பின் அதிகம் ஏறவில்லை. நூற்றுக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 2021-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் கத்தோலிக்கப் பின்னணி உடையவர்கள் நூற்றுக்கு 45.7, புராட்டஸ்டண்ட் முதலிய பிற கிறிஸ்தவர்கள் 43.5 என்று கணக்கே தலைகீழாக மாறியிருக்கும்போது, இந்தத் தேக்கம் கவலைக்குரியது. இன்னொரு கவலையும் உண்டு, அதை நான் பெரிதாகவே கருதுகிறேன். பாட்டன் கேட்ட 7,500 என்ற எண்ணிக்கையை எட்டுவதிருக்க, 2024-இல் படை 6,500-க்கும் கீழே போய்விட்டது. பணமில்லை என்று ஆள் குறைக்கும்போது எந்தப் படையிலும் முதலில் வெட்டு விழுவது பேட்டைக் குழுக்களின்மேல்தான். கொலை விசாரணைக்கும் கலகத் தடுப்புக்கும் உடனே ஆள் வேண்டும், தெருமுனையில் நின்று பேசும் போலீஸ்காரர் ஓராண்டு வராவிட்டால் எவரும் உடனே கவனிப்பதில்லை. 2023 ஆகஸ்டில், தகவல் கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பதிலளிக்கையில், ஏறத்தாழ 10,000 ஊழியர்களின் பெயர் விவரங்கள் தவறுதலாக வெளியாகிவிட்டன. வேலை இன்னதென்று உறவினரிடம்கூட மறைத்து வாழ்ந்த கத்தோலிக்கக் காவலர்கள் வீடு மாற எண்ணினார்கள். சில வாரங்களில் போலீஸ் தலைவர் பதவி விலகினார்.

இப்போது பெல்ஃபாஸ்டில் வாரியத்தின் முன் இருக்கும் கேள்வி, சரிபாதி முறையை மீண்டும் கொண்டுவருவதா என்பதும், பேட்டைக் குழுக்களுக்கென்று ஒதுக்கிய ஆட்களை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாதென்று தலைவரைக் கட்டுப்படுத்துவதா என்பதும். முன்னதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமெண்டில் சட்டம் வேண்டும். கட்சிகள் ஒன்றுபடாதவரை அது வராது. பின்னதற்குச் சட்டம் வேண்டாம், பணம் வேண்டும். மூன்று ஆண்டும் ஐந்து ஆண்டும் ஒருவரை ஒரே தெருவில் வைத்திருக்க ஆகும் செலவை, அவர் அங்கே இல்லாததால் நேரும் செலவோடு சேர்த்துக் கணக்குப் போட வரவுசெலவுத் திட்டத்தில் இன்னும் ஒரு தலைப்பு ஏற்படவில்லை. அதை ஏற்படுத்தும்படி வாரியத்தார் பகிரங்கக் கூட்டத்திலேயே சர்க்காரைக் கேட்க முடியும். கேட்கும் உரிமைக்காகத்தான் அந்த வாரியம் படைக்கப்பட்டது.